ஆர்.கே. நகர்: கோட்டை என்ற பெயரும் வாக்குக் கணக்கும்

39,545, 40,707, 42,479. வட சென்னையின் டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் சட்டமன்றத் தொகுதியில் 2016, 2017, 2021 என அடுத்தடுத்து நடந்த மூன்று தேர்தல்களின் வாக்கு வித்தியாசம் இது. மூன்று முறையும் ஜெயித்தது வெவ்வேறு ஆள், வெவ்வேறு சின்னம். இரட்டை இலையில் ஜெயலலிதா, குக்கரில் டி.டி.வி. தினகரன், உதயசூரியனில் ஜான் எபினேசர். ஆள் மாறியது, கட்சி மாறியது, வித்தியாசம் மட்டும் நாற்பதாயிரத்தை ஒட்டியே நின்றது. சாய்ந்தால் மொத்தமாக ஒரு பக்கம் சாய்வது இந்தத் தொகுதியின் குணம்.

ஆனால் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் ஆர்.கே. நகருக்கு 'அதிமுகவின் கோட்டை' என்ற பட்டத்தைத்தான் கட்டுகிறார்கள். 2001 முதல் 2016 வரை ஐந்து தேர்தல்களில் தொடர்ந்து இரட்டை இலை ஜெயித்ததும், இரண்டு முறை ஒரு முதலமைச்சரே இங்கு நின்றதும் அந்தப் பட்டத்துக்குக் காரணம். 1977-லிருந்து முழுப் பட்டியலையும் எடுத்து வைத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. 2021 வரை நடந்த பதினொரு பொதுத்தேர்தல்களில் ஒன்பது முறை, மாநிலத்தில் ஆட்சி அமைத்த கூட்டணியின் வேட்பாளரைத்தான் ஆர்.கே. நகர் தேர்ந்தெடுத்திருக்கிறது. விலகியது 1980-லும் 2006-லும் மட்டும்தான். ஒரு கட்சிக்கு விசுவாசமான தொகுதி என்பதைவிட, மாநிலத்தில் அடிக்கும் காற்றை முழுசாக வாங்கிக்கொள்ளும் தொகுதி என்பதே பொருத்தம்.

தொகுதி எண் 11. வட சென்னை மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டையை ஒட்டிய பகுதிகள், நேதாஜி நகர், எழில் நகர் என்று பரந்து கிடக்கிறது. மாநகராட்சிக் கணக்கில் 38 முதல் 43 வரையிலான வார்டுகளும் 47-ஆவது வார்டும். ஒரு பக்கம் மீனவக் குடும்பங்கள், இன்னொரு பக்கம் துறைமுகத்தையும் எண்ணெய்க் கிடங்குகளையும் நம்பிப் பிழைக்கும் தொழிலாளர்கள், நடுவில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள். கண்டெய்னர் லாரிகள் நிரம்பிய எண்ணூர் நெடுஞ்சாலை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், குடிநீர்க் குழாயில் கலந்து வரும் கழிவுநீர் நாற்றம்: எந்தத் தேர்தலானாலும் பிரசாரத்தில் இவை வராமல் இருந்ததில்லை. பெரும்பாலும் தினக்கூலி வருமானம் என்பதால் ரேஷன் கடை, ஓய்வூதியம், வீட்டுப் பட்டா போன்றவற்றில் ஆட்சியாளர்களின் தயவு இங்கே நேரடியாக உணரப்படுகிறது. ஆட்சிக்கு வரும் என்று தோன்றுகிற பக்கம் தொகுதி சாய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

1977 முதல் 2011 வரை

1977-க்கு முன் இந்தப் பெயரில் தொகுதி கிடையாது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு வந்த அந்த முதல் தேர்தலில் அதிமுக சார்பில் நடிகர் ஐசரி வேலன் ஜெயித்தார். எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பிடித்த தேர்தல்தான், ஆனாலும் சென்னையில் பெரும்பாலான இடங்களைத் திமுக தக்கவைத்துக்கொண்டது. தலைநகரம் திமுக பக்கம் நிற்க, ஆர்.கே. நகர் மாநிலத்தோடு போனது. தொகுதியின் குணம் முதல் தேர்தலிலேயே தெரிந்துவிட்டது.

1980-இல் இந்திரா காங்கிரஸின் வி. ராஜசேகரன். அப்போது காங்கிரஸுக்குத் துணை திமுக. ஆட்சி அதிமுகவுக்குப் போக, தொகுதி எதிர்ப்பக்கம் நின்றது. 1984-இல் மறுபடியும் காங்கிரஸ், இந்த முறை எஸ். வேணுகோபால். ஆனால் கூட்டணி தலைகீழாக மாறிவிட்டிருந்தது, காங்கிரஸுக்குத் துணை அதிமுக. கை சின்னம் அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்ததை வைத்து இது அந்தக் காலத்துக் காங்கிரஸ் தொகுதி என்று எழுதினால் தப்பாகிவிடும். இரண்டு வெற்றிக்கும் தோள்கொடுத்தது இரண்டு எதிரெதிர்க் கட்சிகள். தமிழ்நாட்டுத் தொகுதி வரலாற்றைப் படிக்கிறவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இது. வென்ற கட்சியின் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஆண்டின் கூட்டணியையும் எழுதி வைக்காவிட்டால் பட்டியல் பொய் சொல்லும்.

1989 முக்கியமான தேர்தல், அதைப் பற்றிப் பின்னால் மறுபடி பேசுவோம். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அதிமுக ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று உடைந்து, இரட்டை இலை முடங்கி, ஒருவர் சேவலிலும் இன்னொருவர் இரட்டைப் புறாவிலும் நின்றார்கள். ஆர்.கே. நகரில் திமுகவின் எஸ்.பி. சற்குண பாண்டியன் வென்றார். 1991-இல் அதிமுகவின் ஈ. மதுசூதனன் வந்து அமைச்சரும் ஆனார். 1996-இல் திமுக கூட்டணி சென்னையின் 14 இடங்களையும் வாரிச் சுருட்டியபோது மறுபடியும் சற்குண பாண்டியன், அவரும் அமைச்சரானார். 2001-இல் பி.கே. சேகர்பாபு, அதிமுக.

2006-இல் மாநிலத்தில் திமுக வந்தது, இங்கே சேகர்பாபுவே மீண்டும் ஜெயித்தார். இதைத்தான் கோட்டை வாதத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் சென்னையின் 14 இடங்களில் ஏழு அதிமுகவுக்குப் போயின. ராயபுரம், பூங்கா நகர், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், தியாகராய நகர், சைதாப்பேட்டை எல்லாம் அந்த வரிசையில்தான். நகரமே பாதிக்குப் பாதி பிரிந்தபோது ஆர்.கே. நகர் ஒரு பாதியில் இருந்தது, அவ்வளவுதான்.

2011 இதை இன்னும் தெளிவாக்குகிறது. சேகர்பாபு தேர்தலுக்குச் சில மாதங்கள் முன் திமுகவில் சேர்ந்து, அதே தொகுதியில் உதயசூரியனில் நின்றார். இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர், தெருவெல்லாம் தெரிந்தவர். அதிமுகவின் பி. வெற்றிவேல் 83,777 வாக்கு வாங்கினார், சேகர்பாபு 52,522. வித்தியாசம் 31,255. அலைக்கு எதிரே சொந்தச் செல்வாக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இந்தத் தொகுதியில் கிடையாது.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 2008-இல் தொகுதி மறுவரையறை நடந்தது, சென்னையின் 14 தொகுதிகள் 16 ஆயின. ஆர்.கே. நகர் என்ற பெயர் நிலைத்தாலும் எல்லை பழையது கிடையாது. 2006 வாக்கையும் 2011 வாக்கையும் கழித்துப் பார்த்து 'இத்தனை சதவீதம் நகர்ந்தது' என்று எழுதுவது வேறு வேறு நிலத்தை அளந்து ஒப்பிடுவது போல. அதே சமயத்தில் மாநகராட்சி 155 வார்டுகளிலிருந்து 200 வார்டுகளாக விரிந்து எண்களும் மாறின. பழைய ஆவணத்தில் வருகிற வார்டு எண்ணை இன்றைய வார்டு என்று நினைத்து ஒப்பிட்டால் கணக்கு முதல் வரியிலேயே கெட்டுவிடும்.

1,50,722 என்ற எண்

2015 மே 11-ஆம் தேதி சொத்துக்குவிப்பு மேல்முறையீட்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. 23-ஆம் தேதி மீண்டும் முதலமைச்சரானார். தண்டனை வந்தபோதே ஸ்ரீரங்கம் உறுப்பினர் பதவி போய்விட்டிருந்தது. சட்டமன்ற உறுப்பினர் இல்லாத ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் அமைச்சராகத் தொடர முடியாது. வெற்றிவேல் பதவி விலகி இடம் கொடுத்தார். ஜூன் 27-இல் வாக்குப்பதிவு. ஜெயலலிதாவுக்கு 1,60,432 வாக்குகள், அடுத்து வந்த இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் சி. மகேந்திரனுக்கு 9,710. வித்தியாசம் 1,50,722.

வாக்கு விழுக்காடு 88-ஐத் தாண்டியது. இது தொகுதியின் மனசு என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. திமுக, காங்கிரஸ், பாமக என்று பெரிய கட்சிகள் எதுவுமே போட்டியிடவில்லை என்பதை மறந்தால்தான் அப்படி எடுத்துக்கொள்ள முடியும். பதினொரு மாதம் கழித்து 2016 மே பொதுத்தேர்தலில் அதே ஜெயலலிதா, அதே தொகுதி, எதிரே திமுகவின் சிம்லா முத்துச்சோழன். இவர் சற்குண பாண்டியனின் மருமகள். ஜெயலலிதா 97,218, சிம்லா 57,673. முதலமைச்சரின் வாக்கு 63,000-க்கும் மேல் குறைந்தது. வெறுப்பால் வந்த குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. நிஜமான போட்டி திரும்பி வந்தது, காணாமல் போயிருந்த திமுக வாக்கு அதன் இடத்துக்குத் திரும்பியது. அந்தத் தேர்தலில் சென்னையின் 16 இடங்களில் பத்து திமுகவுக்குப் போயின, அதிமுகவுக்கு ஆறுதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விடுதலைச் சிறுத்தைகள் சார்பில் முன்னாள் துணைவேந்தர் வே. வசந்தி தேவியும், நாம் தமிழர் சார்பில் தேவி என்ற திருநங்கை வேட்பாளரும் அந்தத் தேர்தலில் நின்றார்கள். வாக்குக் கணக்கில் சிறிய இடம்தான். ஆனாலும் ஒரு முதலமைச்சரின் தொகுதியில் அவர்கள் நின்றதைப் பதிவு செய்யாமல் விட மனமில்லை.

ஒரே ஆண்டில் இரண்டு தேர்தல்

2016 டிசம்பர் 5-இல் ஜெயலலிதா காலமானார். தொகுதி காலியானது. இடைத்தேர்தல் 2017 ஏப்ரல் 12 என்று அறிவிக்கப்பட்டது. அதற்குள் அதிமுக இரண்டாகிவிட்டது. மார்ச் 22-இல் தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி உடைந்தால் யார் உண்மையான கட்சி என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 1968-ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 15-ஆவது பத்தி ஆணையத்துக்குக் கொடுக்கிறது. முழு விசாரணைக்கு அவகாசம் இல்லாதபோது, சின்னத்தை இரு தரப்புக்கும் மறுத்து, தற்காலிகப் பெயரும் சின்னமும் கொடுப்பது வழக்கம். ஓ. பன்னீர்செல்வம் அணியில் மதுசூதனன், மின்கம்பம். சசிகலா அணியில் தினகரன், தொப்பி.

ஏப்ரல் 7-இல் ஒரு மாநில அமைச்சர் வீடு உட்படப் பல இடங்களில் வருமான வரிச் சோதனை நடந்தது. வாக்காளர்களுக்கு 89 கோடி ரூபாய் பிரித்துக் கொடுக்கப் போட்ட திட்டம் என்று சொல்லப்பட்ட ஆவணம் வெளிவந்தது. அது குற்றச்சாட்டு, நீதிமன்றம் நிரூபித்த உண்மை என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் எண்ணை நிதானமாக வகுத்துப் பார்க்கலாம். அப்போதைய வாக்காளர் பட்டியல் சுமார் 2.62 லட்சம். அதில் 85 விழுக்காடு பேருக்குத் தலைக்கு 4,000 ரூபாய் என்று போட்டால் கிட்டத்தட்ட அதே 89 கோடி வருகிறது. ஒரு சட்டமன்ற வேட்பாளருக்குச் சட்டம் அன்று அனுமதித்த செலவு 28 லட்சம். அதைப் போல 318 மடங்கு.

9-ஆம் தேதி இரவு ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. பணப் பட்டுவாடாவுக்கு அப்படியொரு தனிப் பிரிவு கிடையாது. அதனால் அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவு தரும் பொது அதிகாரத்தைத்தான் ஆணையம் நாட வேண்டியிருந்தது. 2016-இல் அரவக்குறிச்சிக்கும் தஞ்சாவூருக்கும் செய்ததும் இதுவே. ரத்து செய்வதால் கொடுத்த பணம் திரும்பி வருவதில்லை, கொடுத்தவர் மறுபடி நிற்பதையும் அது தடுப்பதில்லை. ரத்தின் சுமை கடைசியில் மக்கள் தலையில்தான் இறங்கியது: ஓராண்டுக்கும் மேல் ஆர்.கே. நகருக்கு எம்.எல்.ஏ. இல்லை.

டிசம்பர் 21-ஆம் தேதி என்று புதுத் தேதி வந்தபோது களம் மாறியிருந்தது. எடப்பாடி பழனிசாமியும் பன்னீர்செல்வமும் இணைந்திருந்தார்கள். நவம்பர் 23-இல் இரட்டை இலை அவர்களுக்கே கிடைத்தது, வேட்பாளர் மதுசூதனன். 1991-இல் இதே தொகுதியில் வென்ற அதே மதுசூதனன், 26 ஆண்டுகள் கழித்து. தினகரன் சுயேச்சை, தொப்பி கேட்டுக் கிடைக்காமல் குக்கர். திமுகவில் மருதுகணேஷ்.

வேட்புமனுப் பரிசீலனையில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது அப்போது பெரிய செய்தி. அதன் பின்னால் இருக்கும் விதி எளிது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு அதே தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். மற்ற எல்லோருக்கும் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அந்தத் தொகுதிப் பட்டியலில் இருக்க வேண்டும். பத்தில் ஒரு கையெழுத்து விழுந்தாலும் மனு விழும். விஷாலுக்கு முன்மொழிந்தவர்களில் இருவர் தாங்கள் கையெழுத்திடவில்லை என்று சொன்னதாக அதிகாரி எடுத்துக்கொண்டார். அனுபவப்பட்ட சுயேச்சைகள் ஒரே மனுவை நம்பி இருக்க மாட்டார்கள். சட்டம் நான்கு செட் வரை அனுமதிக்கிறது, வெவ்வேறு பத்துப் பேரை வைத்து நான்கையும் தாக்கல் செய்துவிடுவார்கள்.

இறுதிப் பட்டியலில் 59 பேர். ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் 16 பொத்தான்கள். நோட்டாவையும் சேர்த்து 60 என்பதால் நான்கு இயந்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பெயர் வரிசையில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில் வரும், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. இரட்டை இலையும் உதயசூரியனும் கண்ணில் முதலில் படும். குக்கரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சில வாரங்களுக்கு முன்பு வரை யாருக்கும் சின்னமாகத் தெரியாத ஒன்றை 89,013 பேர் தேடிப் பிடித்து அழுத்தினார்கள். கைதவறி விழுந்த வாக்குகள் என்று இவற்றில் எதையும் சொல்ல முடியாது.

24-ஆம் தேதி ராணி மேரிக் கல்லூரியில் எண்ணினார்கள். 14 மேசைகள், 19 சுற்றுகள். தினகரன் 89,013. மதுசூதனன் 48,306. மருதுகணேஷ் 24,651. நாம் தமிழர் கலைக்கோட்டுதயம் 3,860. நோட்டா 2,373. பாஜகவின் கரு. நாகராஜன் 1,417. ஆளுங்கட்சி இடைத்தேர்தலில் தோற்பதே தமிழ்நாட்டில் அபூர்வம். இங்கே அது தோற்றது, பிரதான எதிர்க்கட்சி டெபாசிட்டையும் இழந்தது.

டெபாசிட் கணக்கு: எல்லா வேட்பாளர்களும் பெற்ற செல்லும் வாக்குகளின் கூட்டுத்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் கட்டிய 10,000 ரூபாய் திரும்பும். நோட்டா இதில் சேராது. இந்தத் தேர்தலில் ஆறில் ஒரு பங்கு என்பது சுமார் 29,000. திமுகவுக்கு ஏறக்குறைய 4,400 வாக்கு குறைந்தது.

இந்த முடிவை அதிமுகவின் உட்கட்சிச் சண்டையில் ஒரு பாதி இன்னொரு பாதியை ஜெயித்ததாகப் பார்ப்பது பரவலான வழக்கம். கூட்டிப் பார்த்தால் அது போதாது என்று தெரியும். தினகரனும் மதுசூதனனும் சேர்ந்து வாங்கியது 1,37,319. 2016-இல் ஜெயலலிதா வாங்கியதோ 97,218. அதிகப்படியான 40,101 வாக்கு எங்கிருந்து வந்தது? அதே காலத்தில் திமுக 57,673-இலிருந்து 24,651-க்கு இறங்கியது, 33,022 குறைவு. யார் யாருக்குப் போட்டார்கள் என்பதை எந்தப் படிவமும் சொல்லாது. ஆனாலும் திமுகவுக்கு வழக்கமாகப் போடுகிற பெரும் பகுதி, ஆளுங்கட்சியைத் தோற்கடிக்கும் வலு யாருக்கு இருக்கிறது என்று பார்த்துக் குக்கருக்குப் போனது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் 1989 உதவுகிறது. அன்றும் அதிமுக உடைந்திருந்தது, திமுக ஜெயித்தது. 2017-இலும் ஓட்டுப் பிரிந்தது, திமுக டெபாசிட் இழந்தது. அதே தொகுதி, அதே மாதிரிப் பிளவு, முடிவு நேரெதிர். 1989-இல் மக்கள் அடுத்த அரசைத் தேர்ந்தெடுத்தார்கள். திமுக உடையாமல் நின்றது, அதற்குப் போட்டால் அரசு வரும். 2017-இல் யார் ஜெயித்தாலும் அரசு மாறப்போவதில்லை, அரசுக்கு ஓர் அடி கொடுக்கலாம், அவ்வளவுதான். அந்த அடியைப் பலமாகக் கொடுக்கக்கூடியவர் தினகரன் என்று தொகுதி முடிவு செய்தது. பிளவு தானாகவே எதிர்க்கட்சிக்கு லாபம் என்ற சூத்திரம் இடைத்தேர்தலில் வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

வாக்குப்பதிவு 77 விழுக்காட்டைத் தாண்டியதை 'மக்கள் எழுச்சி' என்று எழுதியவர்கள் வாக்காளர் பட்டியலைப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போலி வாக்காளர்கள் இருப்பதாகத் திமுக நீதிமன்றம் போன பிறகு பட்டியல் சலிக்கப்பட்டது. ஏப்ரலில் 2.62 லட்சமாக இருந்தது டிசம்பரில் 2.28 லட்சமானது. 2016-இல் பதிவான வாக்கு சுமார் 1.74 லட்சம், 2017-இல் சுமார் 1.77 லட்சம். சாவடிக்கு வந்த ஆட்கள் ஏறக்குறைய அதே அளவுதான். வகுக்கும் எண் சுருங்கியதால் விழுக்காடு ஏறியது. இறந்தவர்களும் வீடு மாறியவர்களும் பட்டியலில் தங்கிப்போகும் நகரத் தொகுதிகளில் வாக்குப்பதிவு விழுக்காட்டை ஒப்பிடுமுன் பட்டியல் எப்போது சலிக்கப்பட்டது என்று பார்ப்பது கட்டாயம்.

பணமும் பூத் கணக்கும்

2017 டிசம்பர் தேர்தலோடு ஒட்டிக்கொண்டுவிட்ட சொல் 'இருபது ரூபாய் டோக்கன்'. ஒரு இருபது ரூபாய் நோட்டை முன்கூட்டிக் கொடுப்பது, அதன் வரிசை எண்ணைக் குறித்துவைப்பது, ஜெயித்த பிறகு நோட்டைக் காட்டினால் பெரிய தொகை தருவதாகச் சொல்வது. இப்படி நடந்ததாகத் தினகரன் தரப்பின் மீது போட்டியாளர்கள் குற்றம் சாட்டினார்கள், அந்தத் தரப்பு மறுத்தது. யார் செய்தார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும், இந்த முறை ஏன் ஆபத்தானது என்று புரிந்துகொள்ள வேண்டும். பறக்கும் படை தேடுவது கட்டுக்கட்டான பணத்தை. ஒருவர் சட்டைப்பையில் இருபது ரூபாய் இருந்தால் எந்தச் சட்டத்தாலும் கேள்வி கேட்க முடியாது. அதோடு, வெற்றி பெற்றால்தான் பணம் என்று வைத்துவிட்டால் வாங்கினவரே அக்கம்பக்கத்தில் ஓட்டுச் சேர்ப்பவராக மாறிவிடுவார்.

ரகசிய வாக்கெடுப்பில் பணம் கொடுத்தவருக்கு ஓட்டு வந்ததா என்று எப்படித் தெரியும்? தனி ஆளைத் தெரியாது, ஆனால் தெருவைத் தெரியும். எண்ணும்போது ஒவ்வொரு மேசையிலும் ஒரு சாவடியின் இயந்திரம் தனியாகத் திறக்கப்படுகிறது, அதன் முடிவு தனியாக எழுதப்படுகிறது. இறுதியில் எல்லாச் சாவடிகளின் வாக்கும் வேட்பாளர் வாரியாகப் படிவம் 20-இல் வெளியாகிறது. ஆர்.கே. நகரில் ஒரு சாவடிக்குச் சராசரியாக ஆயிரத்துக்கும் குறைவான வாக்காளர்கள், அதாவது சில தெருக்கள். எந்தச் சில தெருக்கள் கைகொடுத்தன, எவை கைவிட்டன என்று பூத் பொறுப்பாளருக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். 14 சாவடிகளின் வாக்கை ஒன்றாகக் கலந்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. சட்ட ஆணையமும் 2015-இல் ஆதரித்தது. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. பணப் பட்டுவாடாவைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிற கட்சிகள் இந்த ஒரு மாற்றத்தை வலியுறுத்தாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பணத்தால் மட்டும் 2017 முடிவு வந்தது என்று சொல்வதும் சரியில்லை. இரு தரப்பின் மீதும் புகார் இருந்தது, அரசு இயந்திரம் ஆளுங்கட்சியின் கையில் இருந்தது, ஆனாலும் அதற்கு 27 விழுக்காடுதான் கிடைத்தது. ஓட்டுப் போட்டவர்களின் கோபத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால் அவர்களை அவமதிப்பதாகும்.

2021-இல் தினகரன் கோவில்பட்டிக்குப் போய்விட்டார். ஆர்.கே. நகரில் ஜான் எபினேசர் 95,763, அதிமுகவின் ஆர்.எஸ். ராஜேஷ் 53,284. சென்னையின் 16 இடங்களும் திமுக கூட்டணிக்குப் போன தேர்தல், ஆர்.கே. நகர் வழக்கம்போல மாநிலத்தோடு சாய்ந்தது. மூன்றரை வருஷம் முன் டெபாசிட் இழந்த கட்சி கிட்டத்தட்ட நான்கு மடங்கு வாக்கோடு திரும்பியது. தினகரனின் அமமுக இரண்டாயிரத்தையும் எட்டவில்லை. 89,013-இல் எவ்வளவு அவருடைய சொந்த வாக்கு, எவ்வளவு அன்றைய கோபத்தின் கடன் வாக்கு என்ற கேள்விக்கு அந்த எண்ணே பதில்.

அதிமுகவின் 53,284-ஐயும் கவனிக்க வேண்டும். 2017-இல் மதுசூதனன் 48,306, 2016-இல் தோற்ற திமுக 57,673, 2011-இல் தோற்ற திமுக 52,522. எந்த அலையில் எந்தப் பக்கம் தோற்றாலும், பெரிய கட்சிகளில் இரண்டாவதாக வருவதற்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி ஓர் அடித்தளம் இங்கே இருக்கிறது. மிச்சமிருக்கும் நாற்பதாயிரம் பேர்தான் ஒவ்வொரு முறையும் இடம் மாறுகிறவர்கள். அலைக்கு ஆடாமல் நிதானமாக ஏறிவரும் கோடு ஒன்றே ஒன்று: நாம் தமிழர் கட்சி 2017-இல் 3,860, 2021-இல் 20,437. இடம் மாறும் அந்த நாற்பதாயிரத்திலிருந்து இந்த ஏற்றம் வருகிறதா, அடித்தளங்களை அரிக்கிறதா என்பது படிவம் 20-ஐச் சாவடி சாவடியாக, கொருக்குப்பேட்டையைத் தனியாக, தண்டையார்பேட்டையைத் தனியாக, வாரியக் குடியிருப்புகளைத் தனியாகப் பிரித்து வைத்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.